குதிரை ஏன் நொண்டுகிறது?
குளம்புக்குள் எட்டிப் பார்க்கும் எந்திரங்கள்

ஓடுகிற குதிரைக்குத்தான் மதிப்பு. நொண்டுகிற குதிரைக்கு மதிப்பு இல்லை.

நேற்று வரை கொள்ளும் புல்லும் தேடித் தேடி வாங்கிப் போட்டவர், குதிரை ஒரு காலைத் தாங்க ஆரம்பித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார். காரணம், நோய் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

குளம்பில் முள் ஏறியிருக்கிறதா? நரம்பு பிசகி விட்டதா? எலும்பில் விரிசலா?

வெளியே இருந்து பார்த்தால் நான்கு காலும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. "இங்கே வலிக்கிறது" என்று சொல்ல வாயில்லா ஜீவனுக்குத் தெரியாது.

இப்போது அதைச் சொல்ல வைக்கும் எந்திரங்கள் வந்து விட்டன. தோலைக் கிழிக்காமல், குளம்பை அறுக்காமல், உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பெரிய பந்தயத்தில் குதிரையை ஓட விட்டார்கள். அமெரிக்காவில் பந்தய மைதானத்துக்குள்ளேயே இந்த எந்திரத்தைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

அந்த எந்திரங்கள் என்ன செய்கின்றன? நம் ஊர்க் குதிரைக்கு அவற்றால் பயன் உண்டா?

கரிசல் சீமையில் குதிரை

பரளச்சி, விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழி தாலுகாவைச் சேர்ந்த ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் எல்லாமே வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம், மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் பலருக்குப் பிழைப்பு.

இந்த வறண்ட சீமையில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

வேலை இருக்கிறது. இந்த வட்டாரத்திலும், பக்கத்தில் உள்ள ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களிலும் கோவில் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். அதோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கும். ரோட்டின் இரு பக்கமும் ஜனங்கள் கூடி நிற்பார்கள். சாரதி கடிவாளத்தைப் பிடிக்க, குதிரை நாலு கால் பாய்ச்சலில் பறக்கும்.

எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைத்துக் கும்பிடும் சீமை இது. மண் குதிரைக்குக் கால் நோவது இல்லை. உயிருள்ள குதிரைக்கு நோகிறது.

இங்கே குதிரைக் காலுக்குப் பகை மூன்று.

ஒன்று, தார் ரோடு. பெரிய பந்தய மைதானங்களில் குதிரை புல்லிலோ மணலிலோ ஓடும். கிராமத்துப் பந்தயத்தில் தார் ரோட்டில் ஓடுகிறது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக எலும்புக்குப் போகிறது.

இரண்டு, முள். சீமைக் கருவேல முள் செருப்பையே துளைக்கும். குதிரையின் உள்ளங்காலை விடுமா?

மூன்றாவது பகைதான் மிகவும் பொல்லாதது. நோய் என்ன என்று பார்க்காமலே வலியை அடக்கும் ஊசியைப் போட்டுக் குதிரையை ஓட விடுவது. அது ஏன் பொல்லாதது என்பது போகப் போகத் தெரியும்.

நகத்தின் மேல் நிற்கும் பிராணி

உங்கள் கையை மேஜை மீது ஊன்றுங்கள். மற்ற விரல்களை மடக்கி, நடுவிரல் நுனியை மட்டும் மேஜையில் வையுங்கள். குதிரை நிற்பது அப்படித்தான்.

குதிரையின் முன்னங்கால் "முட்டி" என்று நாம் சொல்வது, உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். அதற்குக் கீழே இருக்கும் நீண்ட எலும்பு, நம் உள்ளங்கை எலும்பு. குளம்பு என்பது நடுவிரலின் நகம். அந்த ஒற்றை விரல் நகத்தின் மேல்தான் நானூறு, ஐந்நூறு கிலோ எடை உள்ள உடல் நிற்கிறது.

எடையில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு அறுபது பங்கு, முன்னங்கால்களின் மேல் விழுகிறது. பாய்ந்து ஓடும்போது ஒரு கணம் ஒரே கால் தரையில் இருக்கும். அந்த ஒரு காலின் மேல் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் இறங்குகிறது.

முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, தோல், கயிறு போன்ற தசைநாண்கள் இவைதான். ஊரில் "நரம்பு பிசகி விட்டது" என்கிறோமே, அது பெரும்பாலும் நரம்பு அல்ல. இந்தத் தசைநாண்தான். கயிற்றில் புரி அறுவது போல இதன் நார்கள் அறுகின்றன.

ஒரு கால் ஒடிந்தால் ஆடு மூன்று காலில் சமாளித்துக் கொள்ளும். குதிரையால் முடியாது. அதன் எடை மற்றக் கால்களுக்குப் போகிறது. கொஞ்ச நாளில் நல்ல காலின் குளம்பும் அழற்சி கண்டு கெட்டு விடுகிறது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் பார்பரோ.

பார்பரோ பட்ட பாடு

2006-ம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டகி டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரை பார்பரோ. இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரிய பந்தயத்தில் ஓடியபோது அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது.

டாக்டர்கள் கைவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் ஆபரேஷன் செய்தார். உலோகத் தகடு வைத்து 27 திருகாணிகளைப் போட்டு எலும்பைச் சேர்த்தார். எலும்பு கூடியும் வந்தது.

ஆனால் எடை முழுவதையும் தாங்கிய மற்றக் கால்களில் குளம்பு அழற்சி வந்தது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின், 2007-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி பார்பரோவை வலியில்லாமல் சாக வைக்க வேண்டியதாயிற்று.

பணத்துக்குக் குறைவு இல்லை. டாக்டருக்குக் குறைவு இல்லை. அப்படி இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

குதிரை வைத்தியர்கள் இதில் கண்ட பாடம் ஒன்றுதான். ஒடிந்த பிறகு ஒட்ட வைப்பதை விட, ஒடிவதற்கு முன்பே விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டும். படம் பிடிக்கும் எந்திரங்களுக்கு இன்று இவ்வளவு மவுசு வந்ததற்கு இதுவே காரணம்.

முதல் படம் எக்ஸ்ரே

1895-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். தம் மனைவியின் கையைப் படம் பிடித்து, எலும்பையும் மோதிரத்தையும் உலகத்துக்குக் காட்டினார். சில மாதங்களுக்குள் மிருக வைத்தியர்கள் குதிரைக் குளம்பை அதன் முன்னே வைத்து விட்டார்கள். அந்தக் காலத்தில் வண்டி இழுத்ததும் யுத்தத்துக்குப் போனதும் குதிரைதானே?

எக்ஸ்ரே இன்றும் முதல் துணை. எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், குளம்புக்குள் எலும்பு இடம் மாறுவது, உள்ளே ஏறிய ஆணி எல்லாம் தெரியும். இப்போது கையில் தூக்கிச் செல்லும் சிறிய எக்ஸ்ரே கருவிகள் உண்டு. படம் அந்த நிமிஷமே கம்ப்யூட்டரில் தெரிகிறது.

ஆனால் எக்ஸ்ரேக்கும் கண் மறைவு உண்டு.

புது மயிரிழை விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்து, பதினைந்து நாள் கழித்து எடுத்தால் தெரியும். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால்தான் படத்தில் வித்தியாசம் காணும். தசைநாண் அறுந்தது அதில் சரியாகத் தெரியாது.

இன்னொன்று, கரிசல் சீமைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. இரும்பு ஆணி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். கருவேல முள் தெரியாது. முள் என்பது மரம். மரத்தை எக்ஸ் கதிர் எளிதில் ஊடுருவிப் போய்விடும். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றால் காலில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல.

ஒலியால் ஒரு படம்

முள்ளைக் காட்டக்கூடியது ஸ்கான். கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே ஸ்கான்தான். காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. சதைக்குள் புதைந்த முள் இதில் தெரியும். ஆனால் கெட்டியான குளம்புச் சுவருக்குள் இந்த ஒலி சரியாகப் போகாது. குளம்புக்கு மேலே உள்ள பகுதிக்குத்தான் இது ஏற்றது.

1980-களின் தொடக்கத்தில் குதிரையின் தசைநாண்களை ஸ்கான் மூலம் பார்க்க ஆரம்பித்தார்கள். குதிரை வைத்தியத்தில் அது பெரிய திருப்பம்.

ஏன்? தசைநாணில் நார் அறுந்த இடம் ஸ்கானில் கருப்பு ஓட்டை போலத் தெரியும். எவ்வளவு பெரிய ஓட்டை என்று அளந்து சொல்லலாம். சில வாரங்களுக்கு ஒரு முறை பார்த்து, ஓட்டை அடைபடுகிறதா என்று கவனிக்கலாம். மருந்தை அந்த ஓட்டைக்குள்ளேயே ஊசியால் செலுத்தலாம். குதிரையின் ரத்தத்தில் இருந்தே பிரித்தெடுத்த சத்தையும், அதன் எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களையும் இப்படிச் செலுத்துகிறார்கள்.

அதற்கு முன்பு என்ன செய்தார்கள்? பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டார்கள்!

நம் ஊரில் மட்டும் அல்ல. வெள்ளைக்கார வைத்தியர்களும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அதைத்தான் செய்தார்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சூடு போட்ட காலையும் போடாத காலையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1983-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சூட்டினால் தசைநாண் ஆறுவதற்கு எந்த நன்மையும் இல்லை என்று தெரிந்தது.

அப்படியானால் சூடு போட்ட பிறகு சில குதிரைகளுக்குக் குணமானது எப்படி? சூடு போட்ட புண் ஆறும்வரை குதிரையை ஓட்ட மாட்டார்கள். பல மாத ஓய்வு கிடைக்கும். குணப்படுத்தியது அந்த ஓய்வு. பெயர் வாங்கியது சூடு!

நின்றபடியே காந்தப் படம்

குளம்புக்குள் எக்ஸ்ரேக்கும் ஸ்கானுக்கும் அகப்படாத நோய்கள் உண்டு. குளம்பின் பின்பகுதியில் ஓடம் போன்ற சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. அதையும் அதைத் தொட்டுச் செல்லும் தசைநாணையும் பற்றும் நோயால் எத்தனையோ குதிரைகள் நொண்டியாகின்றன.

இதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம். மனிதர்களை இதற்காகக் குழாய் போன்ற எந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். ஐந்நூறு கிலோ குதிரையை எப்படிப் படுக்க வைப்பது? முதலில் முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். குதிரைக்கு மயக்க மருந்து ஆபத்தானது. தெளிந்து எழும்போது தடுமாறி விழுந்து காலை ஒடித்துக் கொள்வதும் உண்டு.

2000-ம் ஆண்டுக்குப் பிறகு பிரிட்டனில் இதற்கு வழி கண்டார்கள். லாடத்தின் வடிவில், ஒரு பக்கம் திறந்த காந்தத்தைச் செய்தார்கள். குதிரைக்கு லேசான மயக்கம் கொடுத்து, நின்றபடியே காலைக் காந்தத்தின் நடுவில் வைத்தால் போதும். படம் வந்து விடும்.

பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக அறுத்துப் பார்ப்பது போல எலும்பைக் காட்டும் சி.டி. ஸ்கானிலும் இப்போது குதிரை நின்றபடியே படம் எடுக்கிறார்கள்.

இவை எல்லாம் கோடிக்கணக்கில் விலை போகும் எந்திரங்கள்.

முப்பது குதிரைகளின் சாவு

இந்த எந்திரங்கள் பந்தய மைதானத்துக்கு வந்தது ஒரு துயரத்துக்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சாண்டா அனிட்டா என்ற மைதானம் இருக்கிறது. 2018-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூன் வரை நடந்த ஒரே பருவத்தில், அங்கே 30 குதிரைகள் செத்தன. நாடே கொதித்தது. பந்தயத்தையே தடை செய்ய வேண்டும் என்று குரல் எழுந்தது.

2019 டிசம்பரில் அங்கே புதிய எந்திரம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதன் பெயர் பெட் ஸ்கான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரி நிபுணர்கள் அதற்குத் துணை நின்றார்கள்.

இது எலும்பின் வடிவத்தைப் பார்ப்பது அல்ல. எலும்பின் வேலையைப் பார்ப்பது. மிகச் சிறிய அளவில் கதிர் வீசும் மருந்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். எலும்பு எந்த இடத்தில் நைந்துபோய்த் தன்னைத் தானே பழுது பார்த்துக் கொண்டிருக்கிறதோ, அங்கே மருந்து அதிகம் சேரும். படத்தில் அந்த இடம் தீப்பொறி போல மின்னும். விரிசல் விழுவதற்கு முன்பே எச்சரிக்கை வந்து விடுகிறது.

பின்னர் கலிபோர்னியாவில் பந்தயக் குதிரைகளின் சாவு குறைந்தது. ஆனால் அந்தப் பெருமை முழுவதும் எந்திரத்துக்குப் போகாது. வலி மருந்துக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். பந்தயத்துக்கு முன் டாக்டர் பரிசோதனையைக் கடுமையாக்கினார்கள். எல்லாம் சேர்ந்துதான் பலன் கொடுத்தது.

படம் சொன்னது சரியா?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கோப்பை மிகப் பெரிய குதிரைப் பந்தயம். 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் அதில் ஓடிய ஆன்டனி வான் டைக் என்ற குதிரையின் கால் ஒடிந்தது. இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரை அது. அங்கேயே அதன் உயிரை முடிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு, 2021-ம் ஆண்டில், கோப்பைக்கு ஓடும் குதிரைகளுக்கு சி.டி. ஸ்கான் கட்டாயம் என்று விதி வந்தது.

2024-ம் ஆண்டு அந்த விதியால் பெரிய சர்ச்சை கிளம்பியது. அயர்லாந்தில் இருந்து ஜான் புரூகல் என்ற குதிரை போயிருந்தது. வெல்லும் என்று பலர் நம்பிய குதிரை. ஸ்கான் படத்தைப் பார்த்த மைதான டாக்டர்கள், "இதற்குக் காயம் ஏற்படும் ஆபத்து அதிகம், ஓடக் கூடாது" என்று நிறுத்தி விட்டார்கள். பயிற்சியாளர் எய்டன் ஓபிரையன் கொதித்துப் போனார். குதிரை நன்றாக இருக்கிறது என்று வாதாடினார்.

அடுத்த ஆண்டு, 2025 ஜூனில், அதே குதிரை இங்கிலாந்தில் காரனேஷன் கோப்பையை வென்று விட்டது!

அப்படியானால் ஸ்கான் பொய்யா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. "ஆபத்து அதிகம்" என்றால் "கட்டாயம் ஒடியும்" என்று பொருள் அல்ல. இடையில் ஏழு மாதம் கடந்து விட்டது. அன்றைக்கு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று தெளிவாகிறது. எந்திரம் படம்தான் எடுக்கும். தீர்ப்புச் சொல்வது மனிதன். அந்த மனிதனுக்கு அனுபவமும் நேர்மையும் வேண்டும். ஓடினால் கிடைக்கும் பரிசை விட, ஓடாவிட்டால் பிழைக்கும் உயிரைப் பெரிதாக நினைக்கும் மனமும் வேண்டும்.

எந்திரம் இல்லாமல் தெரிவது

பெரிய எந்திரம் எதுவும் பரளச்சிப் பக்கம் இப்போதைக்கு வராது. அதற்காக மனம் தளர வேண்டியது இல்லை. உலகத்தில் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதல் பரிசோதனை கண்ணாலும் கையாலும்தான் நடக்கிறது.

குதிரையைக் கெட்டியான சமதரையில் நேராக நடக்க விட வேண்டும். பிறகு மெதுவாக ஓட விட வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் குதிரையின் தலை சொல்லிவிடும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பின்னங்காலில் வலி என்றால் இடுப்பு ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்கும்.

கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் இது நடந்து விடலாம். அதற்கும் வழி உண்டு. 1878-ம் ஆண்டு மைபிரிட்ஜ் என்ற போட்டோக்காரர் கலிபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். பாய்ந்து ஓடும்போது நான்கு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்று அன்றுதான் நிரூபணம் ஆயிற்று.

அன்று அதற்கு ஒரு கோடீஸ்வரர் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அதைவிட நல்ல காமிரா பலருடைய சட்டைப் பையில் இருக்கிறது. கைபேசியில் மெதுவாக ஓடும் படம் எடுக்கும் வசதியைத் திறந்து, முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் இருந்து படம் எடுத்து டாக்டருக்குக் காட்டலாம். செலவு இல்லாத நல்ல உதவி அது.

அடுத்தது கை. குளம்பு மற்றக் குளம்பை விடச் சூடாக இருக்கிறதா? கணுக்காலுக்கு மேல் நாடி துடிதுடிக்கிறதா? தசைநாணைத் தடவினால் வீக்கம் தட்டுகிறதா?

திடீரென்று ஒரு நாளில் காலைக் கீழேயே வைக்க முடியாமல் போகிறதா? பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். இதற்குப் பெரிய எந்திரம் வேண்டாம். டாக்டர் குளம்புக் கத்தியால் வழி செய்து சீழை வெளியே விட்டால், காலைத் தூக்கிக்கொண்டு நின்ற குதிரை விரைவில் காலை ஊன்றும்.

ஆணியோ முள்ளோ ஏறியிருந்தால் உடனே பிடுங்கி எறிவது சரியல்ல. முடிந்தால் அது மேலும் உள்ளே போகாமல் பாதுகாத்து, டாக்டரை வரவழைக்க வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று தெரிந்தால்தான் மூட்டைத் தொட்டதா என்று சொல்ல முடியும். டாக்டர் வரத் தாமதமாகும், குதிரையும் காலை ஊன்றிக்கொண்டே இருக்கிறது என்றால், அவரிடம் போனில் யோசனை கேட்டு எடுக்கலாம். அப்போது குத்திய இடத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ரண ஜன்னி குதிரைகளை மிக எளிதில் பிடிக்கும் நோய். அதற்குத் தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. தானிய மூட்டையை அவிழ்த்துக் குதிரை வயிறு முட்டத் தின்றுவிட்டால், நொண்டும் வரை காத்திருக்கக் கூடாது. அதனாலும் குளம்பு அழற்சி வரும். அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு ஊசி, இரண்டு வழி

குதிரை வைத்தியத்தில் ஊசி இரண்டு விதம்.

ஒன்று, நோய் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஊசி. டாக்டர் கீழே இருந்து ஒவ்வோர் இடமாக மரத்துப் போகச் செய்வார். எந்த இடம் மரத்ததும் நொண்டல் நிற்கிறதோ, வலி அங்கே இருக்கிறது. அந்த இடத்தைப் படம் எடுத்தால் போதும். சிறிது நேரத்தில் மருந்து தெளிந்து விடும்.

மற்றொன்று, நோயை மறைக்கும் ஊசி. பந்தயத்துக்கு முன் வலி மருந்தைப் போட்டால் குதிரை நொண்டாது. பார்ப்பவர்கள் குணமாகி விட்டது என்று நினைப்பார்கள். ஆனால் விரிசல் அப்படியே இருக்கும். "இந்தக் காலை ஊன்றாதே" என்று எச்சரித்த வலி போய்விட்டதால், குதிரை முழுப் பலத்தோடு அந்தக் காலை ஊன்றும். விரிசல் முறிவாகும். வண்டி கவிழும். சாரதியின் உயிருக்கும் ஆபத்து.

வலி நின்றால் நோய் தீர்ந்து விட்டது என்று அர்த்தம் இல்லை. கோடி ரூபாய் எந்திரங்கள் எல்லாம் கற்றுத் தந்திருக்கும் பாடம் இந்த ஒரு வரிதான். முதலில் பார், பிறகு மருந்து கொடு.

வலி மருந்தே கூடாது என்பது அல்ல. நோய் தெரிந்த பின், ஓய்வில் இருக்கும் குதிரைக்கு டாக்டர் கொடுத்தால் அது மருந்து. நோய் தெரியாமல் ஓட வைப்பதற்குக் கொடுத்தால் அது விஷம்.

ஓய்வும் ஒரு மருந்து. தசைநாண் அறுந்த குதிரை மறுபடி பந்தயத்துக்கு வர ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். எலும்பு விரிசலுக்கு மாதக் கணக்கில் ஓய்வு வேண்டும். ஸ்கான் எடுத்துக் காட்டினால் ஓய்வு ஏன் வேண்டும் என்று சொந்தக்காரருக்குப் புரியும். கருப்பு ஓட்டையைக் கண்ணால் கண்ட பிறகு, குதிரையை வண்டியில் பூட்ட யாருக்கும் மனம் வராது.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

தமிழ்நாட்டில் கால்நடை வைத்தியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1989-ம் ஆண்டு கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. திருநெல்வேலியிலும் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கான் வசதிகள் இத்தகைய கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உண்டு. 1962 என்ற எண்ணுக்கு போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியும் வருகிறது.

ஆனால் குதிரை வைத்தியம் வளர்வது பெரும்பாலும் பந்தயப் பணம் புரளும் இடத்தில்தான். உலகம் முழுவதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஊட்டி மைதானத்தை 2024 ஜூனில் அரசு தன் வசம் எடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. அந்த நிலம் யாருக்கு, எதற்கு என்பது வேறு விவகாரம். குதிரை வைத்தியத்தைப் பொறுத்தவரை, கல்லூரி ஆஸ்பத்திரிகளின் பொறுப்பு இனிக் கூடுகிறது.

குதிரைகளும் குறைந்து வருகின்றன. 2012-ம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் ஆறே கால் லட்சம் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் இருந்தன. 2019-ம் ஆண்டுக் கணக்கில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம்தான். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

"குறைந்து வரும் பிராணிக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கலாம்.

குதிரைக்கு வாங்கும் கை எக்ஸ்ரே குதிரைக்கு மட்டும் அல்ல. உழவு மாட்டுக்கும் பால் மாட்டுக்கும் அதுவே உதவும். நொண்டுகிற பசு சரியாக மேயாது. பால் குறையும். காளை நொண்டினால் உழவும் வண்டியும் நிற்கும். கருவேல முள் குதிரை, மாடு என்று பார்த்தா குத்துகிறது?

ஆகவே கோடி ரூபாய்க் காந்தம் கேட்க வேண்டியது இல்லை. தென் மாவட்டங்களில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரேயும் ஸ்கானும், அவற்றைப் படிக்கத் தெரிந்த டாக்டரும் இருந்தாலே பாதி நொண்டலுக்கு விடை கிடைக்கும். பந்தயம் நடத்தும் ஊர்க் கமிட்டிகள், குதிரையை வண்டியில் பூட்டுவதற்கு முன்பு டாக்டர் முன்னால் ஓட விட்டுக் காட்ட வேண்டும் என்று விதி வைக்கலாம். தலை ஆட்டும் குதிரைக்கு அன்று பந்தயம் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்கு எந்திரம் தேவை இல்லை. கண்டிப்பு மட்டும் போதும்.

லாடம் கட்டுகிறவரையும் மறக்கக் கூடாது. எக்ஸ்ரே படத்தை வைத்துக் குளம்பை எந்தப் பக்கம் எவ்வளவு சீவ வேண்டும், லாடத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அதைச் செய்து முடிப்பது லாடக்காரரின் கைதான். படமும் கையும் சேர்ந்தால் சில குதிரைகள் மருந்தே இல்லாமல் நேராக நடக்கின்றன.

குதிரை வைத்திருப்பவர் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நன்றாக இருக்கும்போதே குதிரையின் நடையைக் கைபேசியில் ஒரு முறை எடுத்து வைப்பது. நான்கு குளம்பையும் தினமும் ஒரு முறை தூக்கிப் பார்ப்பது. நாளை அது காலைத் தாங்கினால், எது மாறியிருக்கிறது என்று டாக்டருக்குக் காட்ட அந்தப் படம் போதும்.